எள்ளுருண்டை தின்ற வருஷம்

எள்ளுருண்டையைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். கல்யாண வீட்டில் யாராவது தட்டில் வைத்து நீட்டினால், சர்க்கரை வியாதி என்று வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். எனக்குச் சர்க்கரையும் கிடையாது, கொழுப்பும் கிடையாது. இருக்கிற கொழுப்பெல்லாம் வாயில்தான் என்று வீட்டில் சொல்வார்கள். அறுபதுகளின் நடுவில், நான் செஞ்சியில் எஸ்.எஸ்.எல்.சி. படித்த வருஷம், என் அம்மா எள்ளும் வெல்லமும் சேர்த்து இடித்து, காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று உருட்டி என் கையில் கொடுப்பாள். தின்று முடிக்கிறவரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். பெண் வயதுக்கு வரட்டும் என்பதற்காக. பெண் எப்போதோ வயதுக்கு வந்துவிட்டாள் என்பது அவளுக்குத் தெரியாது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் படித்தோம். சேர்ந்து என்றால் ஒரே கூரைக்குக் கீழே, அவ்வளவுதான். வாத்தியார் வகுப்புக்குள் நுழைகிறவரை பெண்கள் வெளியே வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும். அவர் பின்னாலேயே போய் முன் பெஞ்சில் உட்கார வேண்டும். மணி அடித்ததும் அவர் பின்னாலேயே வெளியே வந்துவிட வேண்டும். ஆறாம் வகுப்பில் அந்த முன் பெஞ்சு எங்களுக்குப் போதாமல் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். எட்டாவதில் கைகாலை நீட்ட இடம் கிடைத்தது. வயதுக்கு வந்தவள், எங்கள் ஊர்ப் பேச்சில் 'உட்கார்ந்தவள்', நின்றுவிடுவாள். அதை யாரும் அறிவிப்பதில்லை. வாத்தியார் பேர் கூப்பிடுவார், பதில் வராது. சில நாள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அந்தப் பேரைத் தாண்டி அடுத்த பேருக்குப் போய்விடுவார். பின்னாலிருந்து பையன்கள் ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். பதினொன்றாவதுக்கு வந்து சேர்ந்தபோது பெண்கள் மூன்று பேர்தான் மிச்சம்.

ஒருத்தி கம்பவுண்டர் மகள். அவள் அப்பா பஜாரில் ஒரு டாக்டரிடம் மருந்து கலக்கிக் கொடுப்பவர். அவளுக்கு உயரமும் ஜாஸ்தி, குரலும் ஜாஸ்தி. கணக்கில் எனக்கும் அவளுக்கும்தான் போட்டி. மற்ற எல்லாவற்றிலும் போட்டியே கிடையாது, அவள் வைத்ததுதான் சட்டம். இன்னொருத்தி ஜவுளிக்கடைக்காரர் மகள். அவர்கள் பல தலைமுறையாகச் செஞ்சியில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்புவாள், பள்ளிக்கூடத்து வாசலில் இறக்கிவிடுவாள். அப்பாவை அத்தா என்பாள். எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். மூன்றாவது நான். நைனா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். எங்கள் சொந்தத்தில் எட்டாவது தாண்டிய பெண் நான்தான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணி டீச்சர் டிரெயினிங் போக வேண்டும் என்பது ஒன்றுதான் எனக்கு அப்போது ஆசை. வேறு எதையும் நான் கேட்டதில்லை, ஒரு பட்டுப் பாவாடைகூட.

தீபாவளிக்கு முந்தின வாரம், கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அது நடந்தது. வயிற்று வலி என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்து வாத்தியார் பின்னால் எழுந்தபோது கம்பவுண்டர் மகள் சட்டென்று எனக்குப் பின்னால் ஒட்டி நின்றாள். "திரும்பாதே. அப்படியே நட," என்றாள். இரண்டு பேரும் முன்னும் பின்னுமாக என்னை மறைத்துப் பள்ளிக்கூடத்துக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை. என் படிப்பு முடிந்தது என்பது ஒன்றுதான் மண்டைக்குள் இருந்தது. நாளைக்கு வாத்தியார் என் பேரைக் கூப்பிடுவார், பதில் வராது.

நான் அழுதேன். அவர்கள் சிரித்தார்கள்.

"அழுவாதடி. நாங்க மட்டும் இன்னா, கொழந்தைங்களா?" என்றாள் கம்பவுண்டர் மகள். "எனக்குப் போன வருஷமே ஆயிடுச்சி. இவளுக்கு அதுக்கும் முன்னாடி."

ஜவுளிக்கடை மகள் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். நான் அழுகையை மறந்து அவர்களையே பார்த்தேன். தினமும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், ஒரே புளியம்பழத்தை மூன்றாகப் பிய்த்துத் தின்கிறோம். இவ்வளவு பெரிய விஷயத்தை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அவர்கள் வீட்டில் சடங்கு நடக்கவில்லை, ஓலை கட்டவில்லை, யாரும் தட்டு தூக்கிக்கொண்டு போகவில்லை. எனக்குக் கோபமாக இருந்தது. அதே நேரத்தில், வெட்கமாகவும் இருந்தது. மூன்று பேரில் நான்தான் கடைசி, நான்தான் ஒன்றும் தெரியாத பாப்பா.

கம்பவுண்டர் மகள் சட்டம் போட்டாள். "மூச்சு வுடக் கூடாது. பரீட்ச முடியற வரைக்கும் நீ சின்னப் பொண்ணுதான். நீ மாட்டுனா நாங்களும் மாட்டுனோம். ஒருத்தி உக்காந்துட்டான்னு தெரிஞ்சா, கூடப் படிக்கிறவளுங்கள ஊரே மேலயும் கீழயும் பாக்க ஆரம்பிச்சிடும். புரியுதா?"

புரிந்தது. ஒன்றே ஒன்று மட்டும் கேட்க வேண்டும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அம்மாவிடமும் சொல்லக் கூடாதா? ஆனால் இப்போதுதான் "கொழந்தைங்களா" என்று சிரித்திருக்கிறார்கள். இதைக் கேட்டால் இன்னும் சிரிப்பார்கள். அவர்கள் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் என்று கல்லாட்டம் இருந்திருக்கிறார்கள், நான் ஒரு பொழுது தாங்காமல் அம்மா என்று ஓடுவதா? கேள்வியை விழுங்கிவிட்டேன். தலையை ஆட்டினேன். ஜவுளிக்கடை மகள் தன் துப்பட்டாவை என் இடுப்பில் சுற்றிவிட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா அடுப்படியில் இருந்தாள். "தண்ணி மொண்டு குடு," என்றாள். எங்கள் வீட்டு வழக்கப்படி நான் அப்போது வாசலைத் தாண்டியிருக்கவே கூடாது. குடத்தைத் தொடுகிறேனே, ஏதாவது ஆகிவிடப் போகிறதே என்று பயந்துகொண்டே மொண்டு கொடுத்தேன். அம்மா குடித்தாள். வெள்ளிக்கிழமை வந்தது, சாமி மாடத்தில் விளக்கேற்றச் சொன்னாள், ஏற்றினேன். திரி வழக்கம்போல எரிந்தது. எனக்கு என்னைப் பார்த்தே திகில் பிடித்துக்கொண்டது.

மறைப்பதே நாளெல்லாம் ஒரு வேலையாக இருந்தது. துணியை வீட்டுக் கொடியில் காயப்போட முடியாது. புத்தகப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு, மாலையில் கோட்டைப் பக்கம் படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவேன். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் கோட்டைக்குள் போய் ஆளுக்கொரு கல்மண்டபத்தைப் பிடித்துக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம் என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கோட்டைக்குள் இருக்கும் செட்டிகுளத்து ஓரத்தில் அலசி, ஆள் வராத பக்கமாகப் பாறைமேல் விரித்து, நான்கு முனையிலும் கல் வைத்துவிட்டு, கையில் சரித்திரப் புத்தகத்தோடு காவல் உட்கார்ந்திருப்பேன். எங்கள் ஊர்ப் பாறை வெயில் இறங்கியும் சூடு இறங்காது. சீக்கிரம் காய்ந்துவிடும்.

ஒரு நாள் ஒரு குரங்கு அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கல்லைத் தள்ளிவிட்டு எடுத்து, தலையில் போட்டுக்கொண்டு மதில்மேல் ஏறி உட்கார்ந்தது. கீழே பையன்கள் கூட்டம் ஒன்று சத்தம் போட்டுப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தது. அதில் என் வகுப்புப் பையன்களும் இருந்தார்கள். குரங்கு மதிலோடு அவர்களை நோக்கியே நடந்தது. நான் பாறைக்குப் பின்னால் குந்திக்கொண்டு, ஊரில் உள்ள எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். அந்தத் துணி என் பழைய பாவாடைக் கிழிசல், அதை வைத்து யாரும் என்னைக் கண்டுபிடிக்க முடியாது. அதை யோசிக்கிற நிலையில் நான் இல்லை. குரங்கு அதை முகர்ந்து பார்த்துவிட்டு அகழிப் பக்கம் எறிந்தது. நான் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தேன்.

கம்பவுண்டர் மகளிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இவளுக்கு மட்டும் எப்படி இது சிரிப்பாக இருக்கிறது? இவளும் என்னைப் போலத்தானே ஒளிக்கிறாள், இவள் முகத்தில் ஒரு வாட்டமும் இல்லையே. அரைப் பரீட்சையில் அவள் கணக்கில் முதல். நான் பாதி தாளை வெறுமனே கொடுத்துவிட்டு வந்தேன். கணக்கைப் பார்த்தால் நாள் கணக்குதான் ஓடியது. அடுத்தது எப்போது, அன்றைக்கு வெள்ளிக்கிழமை வருமா, விருந்தாளி யாராவது இருப்பார்களா. வாத்தியார் என் தாளை மேலே தூக்கிப் பிடித்து, "இது நீ எழுதினதுதானா?" என்று கேட்டார். பையன்கள் சிரித்தார்கள். எனக்கு இரும்பு நெஞ்சு இல்லை, அவளுக்கு இருக்கிறது, அதனால்தான் அவள் ஜெயிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

இதற்கு நடுவில்தான் எள்ளுருண்டை வந்து சேர்ந்தது. நைனாவின் அக்கா, என் அத்தை, பக்கத்துத் தெருவில் இருந்தாள். கார்த்திகை தீபத்துக்கு வந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பதினாறு நடக்குது. இன்னும் ஒண்ணையும் காணோமே? பொண்ணு பொண்ணாத்தான் இருக்குதா, டாக்டர் கிட்ட காட்டினியா?"

அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. அன்றிலிருந்து அவள் பழைய அம்மா இல்லை. யாரைப் பார்த்தாலும் வைத்தியம் கேட்டாள். கம்பவுண்டர் பெண்டாட்டியைச் சந்தையில் பார்த்தபோது, "எம் பொண்ணும் அப்படியேதான் இருக்குது அக்கா, எள்ளுருண்டை குடுத்துப் பாக்கறேன்," என்று அவள் சொன்னாளாம். அம்மாவுக்கு ஒரே ஆறுதல். துணைக்கு இன்னொரு தாய் இருக்கிறாளே. அன்றைக்கே எள் வாங்கி வந்தாள். அதோடு உளுந்தங்களி, வெந்தயம், பப்பாளிக்காய். நான் மறுக்காமல் தின்றேன். தின்னும்போது அம்மா என் முகத்தையே பார்ப்பாள், வாயில் கவளத்தோடு நான் சுவரைப் பார்ப்பேன். ஒரு தரம் அவள் என் தலையைத் தடவி, "உனக்கு ஒரு கொறையும் இருக்காது, அம்மா இருக்கேன்," என்றாள். அந்தக் கணத்தில் சொல்லிவிட்டிருக்கலாம். கிணற்றடியில் தலையை ஆட்டியது குறுக்கே வந்தது. சொன்னால் மூன்று பேர் படிப்பும் என்னால் போகும்.

தை மாதத்தில் அம்மா வேண்டிக்கொண்டுவிட்டாள். மாசித் திருவிழாவில் அம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறேன், என் பெண்ணைப் பெண்ணாக்கிவிடு என்று. அம்மாவுக்கு நெருப்பென்றால் பயம். அடுப்பில் தணல் தள்ளும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் வெறும் கையில் வேப்பிலை வைத்து, அதன்மேல் எரிகிற சட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றப் போகிறாள். எதற்கு? எப்போதோ நடந்து முடிந்த ஒன்றுக்கு.

மறுநாள் வேப்பமரத்தடியில் இரண்டு பேரிடமும் சொன்னேன். "எங்கம்மா எனக்காகத் தீச்சட்டி தூக்கப் போறாங்க."

ஜவுளிக்கடை மகள் கண்ணை அகல விரித்தாள். கம்பவுண்டர் மகள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "தூக்கட்டும். வருஷா வருஷம் எத்தன பேர் தூக்குறாங்க, ஒண்ணும் ஆவாது. அதுக்கப்புறம் உன்ன எவளும் ஒரு கேள்வி கேக்க மாட்டா. பரீட்சக்கு இன்னும் கொஞ்ச நாள்தான்டி இருக்குது," என்றாள். குரலில் ஒரு மெச்சுதல்கூட இருந்தது. எனக்கு அவளை ஓங்கி அறையலாம் போல இருந்தது. பெற்ற தாயின் கை வேகிறதை இவள் இப்படிப் பேசுகிறாளே, இது மனசா, கருங்கல்லா? ஆனால் வாத்தியார் வந்துவிட்டார். அவர் பின்னால் மூவரும் வகுப்புக்குள் போனோம்.

திருவிழா அன்று வெயில் கொளுத்தியது. அம்மா மஞ்சள் புடவையில், ஈரத் தலையோடு, குளத்தங்கரையிலிருந்து சட்டியைத் தூக்கினாள். பம்பையும் உடுக்கையும் காதைப் பிளந்தன. யாருக்காக வேண்டுதலோ அந்தப் பெண்தான் கூடவே போய் அம்மா காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அத்தை என் கையில் குடத்தைக் கொடுத்திருந்தாள். தெருவுக்குத் தெரு ஊற்றினேன். வல்லத்திலிருந்து மாமன் வந்திருந்தார், நைனா கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார், ஊரே திரண்டிருந்தது.  சுவாலையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருக்க அம்மா பட்ட பாடு எனக்கு மட்டும் தெரிந்தது. கோயில் முனையில் ஊர்வலம் நின்றது. அம்மா வானத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"தாயே, எங்கிட்ட இன்னா தப்பு இருந்தாலும் என்ன எடுத்துக்கோ. எம் பொண்ண ஒரு பொண்ணா ஆக்கிடு!"

குடம் என் கையிலிருந்து விழுந்தது. "அம்மா, கீழ வைம்மா! நான் எப்பவோ உக்காந்துட்டேன்!" என்று அலறினேன்.

பம்பைக்காரர் அந்த நேரம் பார்த்துத்தானா தோளை மாற்ற நிறுத்த வேண்டும்? தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.  அத்தையின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. அம்மா சட்டியைக் கீழே போடவில்லை. தூக்கின கையோடு மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"எப்போ?" என்றாள்.

"தீபாவளிக்கு முன்னாடி."

அவள் கண் என்மேல் இருந்தது, கை அவளையறியாமல் சரிந்தது. தணல் அவள் இடது கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கொட்டியது. அப்போதும் அவள் கத்தவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்கு இன்னும் ஆறவில்லை. அவள் கை ஆறிவிட்டது.

கம்பவுண்டர்தான் புண்ணுக்கு மருந்து போட்டுக் கட்டினார். தலையைக் குனிந்துகொண்டே கட்டினார். அவர் வெளியே போனதும் நைனா என்னைக் கூப்பிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எதுக்கு மறைச்சே?"

"பள்ளிக்கூடத்த நிறுத்திடுவீங்கன்னு."

"யாரு சொன்னது? நான் சொன்னனா? உங்கம்மா சொன்னாளா?"

நான் யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை. மற்ற வீட்டுப் பெண்கள் நின்றார்கள், அதனால் நானும் நிற்பேன் என்று எங்கள் பெஞ்சில் பேசிக்கொண்டோம். அவ்வளவுதான். என் நைனாவை நான் கேட்டதே இல்லை.

"திண்டிவனம் போயி டிரெயினிங் ஸ்கூல விசாரிச்சிட்டு வந்தேன்டி," என்றார் நைனா. "பரீட்ச முடியட்டும், சொல்லிக்கலாம்னு இருந்தேன். தீபாவளிக்கு முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அப்பவே பதினாறு நாள் லீவு சொல்லி சடங்க முடிச்சி உன்ன மறுபடியும் அனுப்பியிருப்பனே."

 இத்தனை மாதம் நான் பூட்டிப் பூட்டிக் காத்த கதவு திறந்தேதான் கிடந்திருக்கிறது.

மாமன் வல்லத்திலிருந்து பச்சை ஓலை கொண்டு வந்து புழக்கடையில் குடிசை கட்டினார். என்னை உள்ளே உட்கார வைத்தார்கள். பதினாறாம் நாள்தான் சடங்கு, அதற்குள் பரீட்சை ஆரம்பித்துவிடும். நைனா அத்தையிடம் கெஞ்சிப் பார்த்தார். "காலைல போயி எழுதிட்டு வந்து திரும்ப உக்காரட்டுமே. யாருக்கு இன்னா நஷ்டம்?"

அத்தை ஒரே போடாகப் போட்டாள். "இத்தன மாசம் தீட்டோட வெளக்கு ஏத்தியிருக்கா. ஆத்தா கையச் சுட்டுக் காமிச்சிட்டா. இன்னும் இன்னாத்தச் சுடணுங்கிறே?"

நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா கட்டுப் போட்ட தன் கையைப் பார்த்தாள். நைனா எழுந்து கடைக்குப் போய்விட்டார். செப்டம்பரில் தனியாக எழுதிக்கொள்ளலாம் என்று பின்னால் ஒரு நாள் சொன்னார். செப்டம்பருக்குள் பெண் கேட்டு வந்துவிட்டார்கள். நானும் எழுதவில்லை, டிரெயினிங்கும் போகவில்லை.

பரீட்சை ஆரம்பித்த அன்று காலையில் ஓலை இடுக்கு வழியாகத் தெருவைப் பார்த்தேன். இரண்டு பேரும் போனார்கள். கம்பவுண்டர் மகள் முன்னால், ஜவுளிக்கடை மகள் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் குட்டு தெரு நடுவில் உடைந்தது, அவர்கள் அம்மாக்கள் அன்றைக்கே இவர்களைப் பிடித்து உலுக்கியிருப்பார்கள், இந்நேரம் இவர்களும் ஆளுக்கொரு ஓலைக்குள் இருப்பார்கள் என்று நான் உள்ளே உட்கார்ந்து இரவு பகலாக அழுதுகொண்டிருந்தேன். அவர்களோ எழுதுகோலைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போகிறார்கள். எப்படித் தப்பித்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. நன்றாக இருக்கட்டும் என்றும் தோன்றியது, வயிறும் எரிந்தது.

கணக்குப் பரீட்சை முடிந்த அன்று சாயங்காலம் என்னைப் பார்க்க வந்தார்கள். தொடக் கூடாது என்பதால் ஓலைக்கு வெளியே நின்றார்கள். ஜவுளிக்கடை மகள் முதன்முறையாகச் சிரிக்கவில்லை. அம்மா அவர்களுக்குக் காப்பி போட உள்ளே போனாள். எனக்கு அடக்க முடியவில்லை.

"என்ன மன்னிச்சிடுங்கடி. எங்கம்மா கை... என்னால பாக்க முடியல, கத்திட்டேன். உங்க வூட்ல இன்னா சொன்னாங்க? அடிச்சாங்களா?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்கள எதுக்கு அடிக்கறாங்க?" என்றாள் கம்பவுண்டர் மகள்.

"ஒளிச்சி வெச்சதுக்கு. உங்கம்மா கேக்கலியா?"

"எங்கம்மா இன்னாத்தக் கேக்கறது? அவங்களுக்கு அன்னிக்கே தெரியுமே. அன்னிக்கு சாயங்காலமே வூட்டுக்குப் போயி சொல்லிட்டேன். அவங்கதான் ஊருக்கு மூச்சு வுடாதே, படிப்ப முடின்னாங்க. எள்ளு இடிக்கறதெல்லாம் ஊரு கண்ணுக்குத்தான்."

நான் ஜவுளிக்கடை மகளைப் பார்த்தேன்.

"எங்கத்தாவுக்குத்தான் தெரியாது," என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு. "அம்மாவுக்குத் தெரியும். துணியெல்லாம் அவங்கதான் உள்ள வெச்சே அலசிக் குடுப்பாங்க."

"அப்போ அந்தத் தீச்சட்டி? தூக்கட்டும்னு சொன்னியே?"

"உங்கம்மாவும் எங்கம்மா மாதிரி ஊருக்குக் காட்டத்தான் பண்றாங்கன்னு நெனச்சேன். உங்கம்மா எவ்ளோ தைரியமா இருக்காங்க, எங்கம்மாவுக்கு அது வராதுன்னு எங்க வூட்ல கூடச் சொன்னேன்." அவள் குரல் உடைந்தது. பெரிய குரல்காரி, அன்றைக்கு அது கிசுகிசுப்பாகத்தான் வந்தது. ஓலைக்குக் கிட்டே குனிந்து என் முகத்தைத் தேடிப் பார்த்தாள். "அடிப்பாவி, அம்மாகிட்ட கூடவா சொல்லாம இருந்தே?"

அவளுக்குப் பின்னால், நல்ல கையில் காப்பித் தட்டை ஏந்திக்கொண்டு வந்த அம்மா, அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.